2024-ல் பெரிய வெள்ளியும் பஸ்காவும் ஏன் மூன்று வாரம் விலகின? வேதாகமத்தில் மாதம் எப்படிப் பிறக்கிறது?

கேள்வி: தூத்துக்குடி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையில் சண்டே கிளாஸ் எடுக்கிறேன், பெரிய பிள்ளைகள் பிரிவு. லெந்து காலம் என்பதால் பஸ்கா பாடம் நடக்கிறது. போன வாரம் ஒரு பையன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், இந்த வருஷம், 2026-ல, பஸ்கா ஏப்ரல் 1 சாயங்காலம் ஆரம்பிக்குது, பெரிய வெள்ளி ஏப்ரல் 3. சரியாத்தான் வருது. ஆனா 2024-ல பெரிய வெள்ளி மார்ச் 29, பஸ்கா ஏப்ரல் 22. பஸ்கா சமயத்துலதானே இயேசுவைச் சிலுவையில அறைஞ்சாங்க? அப்ப யாரு கணக்கு தப்பு?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன். போதகர் ஐயாவிடம் கேட்டால், "எல்லாம் பௌர்ணமிக் கணக்கும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முதலாம் மாதம் பதினாலாம் தேதி பஸ்கா என்று லேவியராகமம் 23-ல் இருக்கிறது. அந்த முதலாம் மாதம் எப்போது தொடங்கும் என்று அதிகாரம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. இதில் ஓரிடத்தில் ஆபிப் மாதம், இன்னோரிடத்தில் நிசான் மாதம். போதாததற்கு ஏழாம் மாதம் முதல் தேதிதான் யூதர்களின் வருஷப்பிறப்பாம். ஏழாம் மாதத்தில் எப்படி வருஷம் பிறக்கும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பதில்: பாளை_கணக்கு_வாத்தியார்

அம்மா, அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். யார் கணக்கும் தப்பில்லை, இரண்டும் வேறு வேறு கணக்கு. 2024-க்குக் கடைசியில் வருகிறேன். நான் ஓய்வுபெற்ற வாத்தியார், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

லேவியராகமத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். வேறெங்கே தேடினாலும் கிடைக்காது. மாதம் எப்படிப் பிறக்கும், எந்த வருஷத்தில் மாதம் கூட்ட வேண்டும் என்ற சூத்திரம் வேதாகமத்தில் எங்கும் எழுதப்படவில்லை. தேதிகள் இருக்கின்றன. எண்ணத் தொடங்கும் இடம் மட்டும் இல்லை, ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது தெரியும். வானத்தில் பிறை, வயலில் வாற்கோதுமை. இரண்டையும் பார்த்து யாரோ முடிவெடுத்து அறிவித்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் பிறை. 1 சாமுவேல் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மாதப்பிறப்பு, ராஜாவோடு பந்தியில் உட்கார வேண்டும் என்று தாவீது யோனத்தானிடம் சொல்கிறான். மறுநாள் அவன் இடம் காலி. அதற்கு அடுத்த நாளும் பந்தி நடக்கிறது, இடம் அன்றும் காலி. ஏன் இரண்டு நாள்? சந்திர மாதம் 29 நாளும் ஆகலாம், 30 நாளும் ஆகலாம். 29-ஆம் நாள் சூரியன் இறங்கியதும் மேற்கே மெல்லிய பிறை தெரிந்தால் அந்தச் சாயங்காலமே புது மாதம். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள். எந்த நாள் என்று முன்கூட்டி உறுதியாகத் தெரியாததால் இரண்டு நாளும் பந்தி போட்டார்கள் என்று பலர் விளக்குவார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மாதப்பிறப்பு என்பது சின்ன விசேஷமும் அல்ல. எண்ணாகமம் 28-ல் அன்றைய சர்வாங்க தகனபலி இரண்டு காளை, ஒரு ஆட்டுக்கடா, ஏழு ஆட்டுக்குட்டி. ஆமோஸ் 8-ல் வியாபாரிகள் மாதப்பிறப்பு எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம் என்று பொறுமையிழந்து நிற்கிறார்கள். கடை அடைப்பு!

கணக்குப் பிரியர்களுக்கு நோவாவின் கதையில் ஒரு விருந்து இருக்கிறது. இரண்டாம் மாதம் 17-ஆம் தேதி வெள்ளம் தொடங்கி, ஏழாம் மாதம் 17-ஆம் தேதி பேழை மலையில் தங்குகிறது. ஐந்து மாதம். இடையில் 150 நாள் என்று அதே அதிகாரங்கள் சொல்கின்றன. அங்கே மாதத்துக்கு முப்பது நாள் என்று முழுசாக எண்ணியிருக்கிறார்கள். பூமி முழுக்கக் காய்ந்தது அடுத்த வருஷம் இரண்டாம் மாதம் 27-ஆம் தேதி. சந்திர வருஷம் 354 நாள் என்று வைத்து, முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணினால் மேலே 11 நாள். மொத்தம் 365. எழுதியவர் இரண்டு கணக்கையும் தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

சிக்கலே அந்த 11 நாள்தான். பிறையை மட்டும் நம்பினால் ஒவ்வொரு வருஷமும் 11 நாள் முன்னால் நகரும். ரம்ஜான் எல்லாப் பருவத்திலும் சுற்றி வருவது அதனால்தான். இஸ்ரவேலருக்கு அப்படிச் சுற்ற வழியில்லை. பஸ்கா வாரத்தில் வாற்கோதுமையின் முதற்பலன் கதிர்க்கட்டை ஆசாரியன் அசைவாட்ட வேண்டும் (லேவி. 23:10-11). கதிரே முற்றாவிட்டால் எதை அசைவாட்டுவது? ஆபிப் என்பதே கதிர்விடும் பருவம். யாத்திராகமம் 9:31-ல் கல்மழை பெய்தபோது வாற்கோதுமை கதிர்விட்டிருந்ததால் அழிந்தது, பின்பருவமான கோதுமை தப்பியது என்று விவசாயி மாதிரி விவரம் கொடுக்கிறார்கள். புறப்பட்ட மாதம் எது என்பதற்கு அதுவே அடையாளம். யோசுவா 5-ல் கில்காலில் பஸ்கா முடிந்த மறுநாள் ஜனங்கள் தேசத்தின் தானியத்தை வறுத்துச் சாப்பிடுகிறார்கள். எரிகோ சமவெளி வெப்பமான இடம், அங்கே கதிர் சீக்கிரம் முற்றும்.

ஆகவே பிறையின்படி முதலாம் மாதம் வர வேண்டிய நேரத்தில் கதிர் பச்சையாக இருந்தால், ஒரு மாதத்தைக் கூட்டிவிடுவார்கள். அந்த வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். வினோதம் என்னவென்றால் வேதாகமம் இந்தப் பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. சாலொமோனின் அரண்மனைக்கு மாதத்துக்கு ஒருவர் வீதம் பன்னிரண்டு அதிகாரிகள் உணவு சேகரித்துக் கொடுத்தார்கள் (1 இராஜா. 4). பதின்மூன்று மாதம் வந்த வருஷத்தில் ராஜாவுக்கு யார் சாப்பாடு போட்டது? இது என் குறும்புக் கேள்வி அல்ல. யூத ரபீமாரின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியிலேயே விவாதம் இருக்கிறது. 4:19-இன் கடைசியில் தேசத்தில் ஒரே அதிபதி என்று வருகிறதே, அவர்தான் கூடுதல் மாதத்துக்கானவர் என்று ஒரு ரபீ சமாளிக்கிறார்.

மாதப் பெயர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலும் எண்தான்: முதலாம் மாதம், ஏழாம் மாதம். கானானியப் பெயர்கள் நான்கு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. முதலாம் மாதம் ஆபிப், இரண்டாம் மாதம் சீப், ஏழாம் மாதம் ஏத்தானீம், எட்டாம் மாதம் பூல். கடைசி மூன்றும் சாலொமோன் ஆலயம் கட்டிய கதையில் வருகின்றன. நிசான் (பழைய ஆபிப்தான்), சீவான், எலூல், கிஸ்லேவு, ஆதார் எல்லாம் பாபிலோனிலிருந்து கூடவே வந்தவை என்று எருசலேம் தல்மூதே ஒப்புக்கொள்கிறது. இதில் தம்மூஸ் என்று ஒரு மாதம் உண்டு. எசேக்கியேல் 8-ல் ஆலய வாசலில் பெண்கள் உட்கார்ந்து அழுதார்களே, அதே தம்மூஸ் தேவதையின் பெயர்! தீர்க்கதரிசி அருவருப்பு என்று சொன்ன பெயர் இன்றைக்கும் யூதக் காலண்டரில் அச்சாகிறது.

இனி உங்கள் ஏழாம் மாத வருஷப்பிறப்பு. ஒரே வருஷத்துக்குப் பல தொடக்கம் இருப்பது நமக்குப் புதிதா? ஜனவரியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, பாங்குக்கு ஏப்ரலில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் ஒன்று. அவர்களுக்கும் அப்படித்தான். யாத்திராகமம் 12:2 வசந்த மாதத்தை முதலாம் மாதம் என்கிறது. அதே புத்தகம் 23:16-ல் சேர்ப்புக்கால பண்டிகையை, அதாவது கூடாரப்பண்டிகையை, வருஷ முடிவில் வைக்கிறது. அது ஏழாம் மாதத்தில் வருவது. ஆக, விவசாயியின் வருஷம் இலையுதிர் காலத்தில் முடிந்து தொடங்கியது. 1908-ல் கேசேர் என்ற ஊரில் மெக்காலிஸ்டர் ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல் பலகையைத் தோண்டி எடுத்தார். கி.மு. 10-ஆம் நூற்றாண்டு எழுத்து. சேர்ப்பு இரண்டு மாதம், விதைப்பு இரண்டு மாதம், பின்விதைப்பு இரண்டு மாதம், சணல் அறுப்பு ஒரு மாதம், வாற்கோதுமை அறுப்பு ஒரு மாதம் என்று போய் கோடைப் பழத்தில் முடிகிறது. பன்னிரண்டு மாதம், தொடக்கம் இலையுதிர் காலம். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நெகேமியாவைப் படிப்பவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். 1:1-ல் 20-ஆம் வருஷம் கிஸ்லேவு மாதம், அதாவது டிசம்பர் வாக்கில். 2:1-ல் நாலு மாதம் கழித்து நிசான் வருகிறது, அர்தசஷ்டாவின் அதே 20-ஆம் வருஷம். நிசானில் வருஷம் மாறியிருந்தால் 21 அல்லவா ஆகியிருக்க வேண்டும்? ராஜாவின் வருஷத்தை ஏழாம் மாதத்திலிருந்து எண்ணினால் சிக்கலே இல்லை. பின்னாளில் ரபீமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா எல்லாவற்றையும் அடுக்கி நான்கு வருஷப்பிறப்பு என்று எழுதி வைத்தது. ராஜாக்களுக்கும் பண்டிகைகளுக்கும் நிசான் 1. கால்நடைத் தசமபாகத்துக்கு எலூல் 1. வருஷ எண்ணுக்கும் ஓய்வு வருஷத்துக்கும் யூபிலிக்கும் ஏழாம் மாதமான திஷ்ரி 1. மரங்களுக்குச் சேபாத் 15.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கப்புறம்தான். இரண்டாம் ஆலய காலத்திலும் அதற்குக் கொஞ்சம் பின்னும் பிறை பார்த்தவர்கள் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். எருசலேமில் பேத் யாசேக் என்று ஒரு பெரிய முற்றம். சாட்சிகள் அங்கே கூடுவார்கள், அவர்களுக்குத் தடபுடலாக விருந்து. சாப்பாட்டை எதிர்பார்த்தாவது வரட்டுமே என்றுதான்! முக்கியமான மாதங்களில் இதற்காக ஓய்வுநாளை மீறிப் பயணம் செய்யவும் அனுமதி உண்டு. சூதாடுகிறவன், வட்டிக்காரன், புறாப்பந்தயம் விடுகிறவன் சாட்சி சொல்ல முடியாது. பிறையின் முனை எந்தப் பக்கம் பார்த்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். ரபான் கமாலியேல் தன் மேல்வீட்டுச் சுவரில் பிறையின் வடிவங்களை வரைந்து வைத்து, இப்படியா, அப்படியா என்று காட்டிக் கேட்பாராம். முடிவானதும் ஒலிவமலையில் தீப்பந்தம். அதைப் பார்த்து சர்தபா மலையில் தீ, அங்கிருந்து அடுத்தது, இப்படியே பாபிலோன் எல்லைவரை. சமாரியர் வேண்டுமென்றே தப்பு நாளில் தீ காட்டிக் குழப்பியதால் பிறகு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள் என்று மிஷ்னா புகார் சொல்கிறது. ஆள் நடந்து போய்ச் சேர்வதற்குள் பண்டிகையே வந்துவிடும் அல்லவா? அதனால்தான் வெளிநாட்டு யூதர் பண்டிகையின் முதல் நாளை இரண்டு நாளாக ஆசரிக்கிறார்கள், இன்றுவரை.

ஒருமுறை இரண்டு சாட்சிகள் பிறையைப் பார்த்தோம் என்றார்கள். மறுநாள் ராத்திரி தேடினால் பிறையைக் காணோம். கமாலியேல் சாட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டார். தோசா என்ற மூத்த ரபீ, "பிள்ளை பெற்றவளுக்கு மறுநாளும் வயிறு முட்டிக்கொண்டு நிற்குமா?" என்று கேட்டார். ரபீ யோசுவாவும் அவர் பக்கம். கமாலியேல் யோசுவாவுக்கு ஆள் அனுப்பினார்: உன் கணக்குப்படி பாவநிவிர்த்தி நாள் எதுவோ, அன்றைக்குக் கையில் கோலும் பணமுமாக என்னிடம் வா. உபவாச நாளில் பயணமும் பணமும்! அறிஞராகப் பார்த்தால் யோசுவா சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அவர் போனார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் என் குரு, கீழ்ப்படிதலில் என் சீடன் என்றார். இந்தக் கமாலியேல் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறவரின் பேரன். சபை அறிவித்த நாளே பண்டிகை நாள், வானம் என்ன சொன்னாலும் சரி என்ற முடிவு இங்கே எடுக்கப்பட்டது.

மாதம் கூட்டுவதும் அப்படியே. வாற்கோதுமை, மரங்களின் கனி, சூரியனின் சமஇரவு நிலை, இந்த மூன்றில் இரண்டு பிந்தியிருந்தால் கூட்டலாம் என்பது விதி. குட்டிகள் இளசு, புறாக்குஞ்சு சிறிசு, கதிர் முற்றவில்லை, ஆகவே இந்த வருஷத்துக்கு முப்பது நாள் கூட்டியிருக்கிறோம் என்று பாபிலோன் யூதர்களுக்கு ஒரு கமாலியேல் அனுப்பிய கடிதம் தல்மூதில் இருக்கிறது.

பார்த்து அறிவிப்பது போய், கணக்கு எப்போது வந்தது? கி.பி. 359 வாக்கில் இரண்டாம் ஹில்லேல் வகுத்தார் என்பது மரபு. 19 வருஷச் சுழற்சி, அதில் 3, 6, 8, 11, 14, 17, 19 ஆகிய வருஷங்களுக்குப் பதின்மூன்று மாதம். மாதம் என்பது 29 நாள் 12 மணி 793 பங்கு, மணிக்கு 1080 பங்கு. 19 வருஷத்துக்கு 235 மாதம். அருமையான கணக்கு, ஆனால் சூரியனைவிட அந்த வருஷம் சராசரி ஆறு நிமிஷத்துக்குச் சற்று மேல் நீளம். 216 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். ஹில்லேல் காலத்திலிருந்து இன்றுவரை ஏழெட்டு நாள் தள்ளிவிட்டது.

இப்போது உங்கள் பையன். மேற்கத்திய சபை மார்ச் 21-ஐச் சமஇரவு நாளாகக் கொண்டு, அன்றோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறை ஈஸ்டர் என்கிறது. 325-ல் நிசேயா சங்கம் கூடியபோதே யூதர் கணக்கை நாங்கள் பார்க்கத் தேவையில்லை என்று தீர்மானித்தாயிற்று. 2024-ல் மார்ச் 25 பௌர்ணமி, 31 ஈஸ்டர். யூதர்களுக்கு அது 5784-ஆம் வருஷம். 19-ஆல் வகுத்தால் மீதி 8, ஆக பதின்மூன்று மாத வருஷம். அப்படிப்பட்ட வருஷத்தில் நிசானுக்கு முந்தின ஆதார் மாதம் இரண்டு முறை வரும். அதே மார்ச் பௌர்ணமி அவர்களுக்கு இரண்டாம் ஆதாரில் விழுந்தது. நிசான் பௌர்ணமி அடுத்ததுதான், ஏப்ரலில். 19 வருஷத்தில் மூன்று முறை இப்படி நடக்கும். 2016-ல் நடந்தது, 2027-ல் மறுபடி நடக்கும். பையனை 5776-ஐயும் 5787-ஐயும் வகுக்கச் சொல்லுங்கள். மீதி 0 வந்தால் அது 19-ஆம் வருஷம்.

பதில்: வீல்சேர்_அக்கா

வாத்தியார் ஐயா சொன்ன அந்த 2024-ஐ நான் கண்ணாலேயே பார்த்தேன். நான் குமரி மாவட்டம், இஸ்ரேலில் பினெய் பிராக்கில் ஒரு வயதானவரைக் கவனிக்கும் வேலை. ஊர் முழுக்கப் பக்தியான யூதர்கள். நமக்குக் குருத்து ஞாயிறு மார்ச் 24. அன்றைக்குத் தாத்தாவை வீல்சேரில் வெளியே தள்ளிக்கொண்டு போனால் தெருவெல்லாம் பிள்ளைகள் ராஜா, ராணி, போலீஸ் என்று வேஷம் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பூரிம்! எஸ்தர் கதைப் பண்டிகை. மதில் சூழ்ந்த பழைய ஊர் என்பதால் எருசலேமில் மட்டும் மறுநாள். அங்கே வேலை செய்யும் தோழி திங்கட்கிழமைதான் வேஷம் பார்த்தாள்.

அந்த வருஷம் இரண்டு ஆதார் வந்ததில் தாத்தாவுக்கு ஒரு குழப்பம். அவர் மனைவி இறந்தது ஆதார் மாதத்தில், சாதாரண வருஷம். இப்போது நினைவு நாளை எந்த ஆதாரில் வைப்பது? பெரிய மகன் முதல் ஆதார் என்கிறார், மருமகன் இரண்டாவது என்கிறார். தாத்தா யாரிடமும் பேசவில்லை. இரண்டு மாதமும் அந்தத் தேதியில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். அப்படிச் செய்யும் வழக்கமும் இருக்கிறதாம்.

ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் மாதப்பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் புதுச் சந்திரன் பிறக்கும் நேரத்தை மணி, நிமிஷம், பங்கு என்று வாசிப்பார்கள். ஐயா சொன்ன அதே 1080-இல் ஒரு பங்கு. இப்போது யாரும் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் எல்லாம் அச்சடித்து வருகிறது.

பதில்: வாற்கோதுமை_மட்டும்

நீளமாக எழுதினால் உண்மை ஆகிவிடாது ஐயா. 359-ல் ரபீமார் மாற்றிய காலண்டரை வைத்துக்கொண்டு எதைப் பேசினாலும் வீண். இன்றும் கதிரைப் பார்த்து மாதம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ரபீமார் மரபை ஏற்காமல் வேதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் கராயீம் யூதர்கள். அதுதான் தேவன் கொடுத்த காலண்டர். இன்னொன்று: யூதக் காலண்டர் விதிப்படி நிசான் 15 வெள்ளிக்கிழமை வரவே வராது. மாற்கு சொல்வதுபோல இயேசு வியாழன் இரவு பஸ்கா சாப்பிட்டார் என்றால் வெள்ளி நிசான் 15 ஆகிவிடும். ஆகவே அவரைச் சிலுவையில் அறைந்தது வெள்ளியே அல்ல. மென்பொருளில் போட்டுப் பாருங்கள், தெரியும்.

பதில்: தூத்துக்குடி_டீச்சர்

ஐயா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, மேலே சகோதரர் சொல்வது சரியா? மாற்கு 14:12-ல் சீஷர்கள் இயேசுவுக்குப் பஸ்கா ஆயத்தம் செய்கிறார்கள், யோவான் 18:28-லோ அவர் பிடிபட்ட பிறகும் யூதர் இன்னும் பஸ்கா சாப்பிடவில்லை. எனக்கும் இதில் எப்போதும் குழப்பம். அப்புறம், பெந்தெகொஸ்தே நமக்கு எப்போதும் ஞாயிறு வருகிறது. காலண்டரில் பார்த்தால் யூதர்களுக்கு வேறு கிழமைகளிலும் வருகிறதே?

பதில்: பாளை_கணக்கு_வாத்தியார்

வாற்கோதுமைத் தம்பி, நிசான் 15 திங்கள், புதன், வெள்ளியில் வராது என்பது இன்றைய காலண்டருக்கு முழுக்கச் சரி. அந்த விதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திஷ்ரி 1 ஞாயிறு, புதன், வெள்ளியில் வரக்கூடாது. புதனோ வெள்ளியோ வந்தால் திஷ்ரி 10-ல் வரும் பாவநிவிர்த்தி நாள் ஓய்வுநாளுக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும். சமைக்கவும் முடியாது, இறந்தவரை அடக்கம் பண்ணவும் முடியாது, தொடர்ந்து இரண்டு நாள். ஞாயிறு வந்தால் கூடாரப்பண்டிகையின் ஏழாம் நாள் சடங்கு ஓய்வுநாளில் விழும். அதைத் தவிர்க்க முந்தின வருஷத்தில் ஒரு நாள் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதனால்தான் அவர்கள் வருஷம் 353, 354, 355 என்றும் பதின்மூன்று மாத வருஷம் 383, 384, 385 என்றும் மாறுகிறது. நிசான் 15-க்கு வெள்ளி கிடைக்காததும் இதன் விளைவுதான்.

ஆனால் இயேசுவின் காலத்தில் இந்த விதி இல்லை. நான் சொல்லவில்லை, மிஷ்னா சொல்கிறது. மெனாகோத் 11:7-ல் பாவநிவிர்த்தி நாள் வெள்ளிக்கிழமை வந்தால் அன்றைய பலியாட்டை எப்படிச் சாப்பிடுவது என்று விவரம் இருக்கிறது. பாபிலோனியர் பச்சையாகவே தின்பார்களாம். இன்றைய காலண்டரில் அந்த நாள் வெள்ளியில் வரவே வராது. அன்றைக்கு வந்திருக்கிறது. ஆகவே இன்றைய மென்பொருளில் கி.பி. 30-ஐயோ 33-ஐயோ போட்டுக் கிழமை எடுத்தால் பிற்காலக் கணக்குதான் பதிலாக வரும். பிறை எப்போது தெரிந்திருக்கும் என்று வானியல் கணக்குப் போடலாம். அன்று மேகமா, சாட்சி வந்தாரா, அந்த வருஷம் மாதம் கூட்டினார்களா என்று எந்தக் கணக்கும் சொல்லாது. வாட்ஸ்அப்பில் நாள், மணி, நிமிஷத்தோடு வரும் நிரூபணங்களை நான் திறப்பதே இல்லை.

ரபீமார் 359-ல் ஒரே நாளில் மாற்றினார்கள் என்பதும் அவ்வளவு எளிதல்ல. 922-ல்கூட எருசலேம் பக்கத்து பென் மேயிரும் பாபிலோன் பக்கத்து சாதியாவும் ஒரு மணியில் 642 பங்கு வித்தியாசத்துக்காக மோதிக்கொண்டார்கள். ஒரு சாரார் ஞாயிற்றுக்கிழமை பஸ்கா, மற்றவர் செவ்வாய்க்கிழமை. கணக்கு முழுசாக இறுகிப்போக நூற்றாண்டுகள் ஆயின. கராயீமியர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் யூதேயாவின் வயலைப் பார்க்க முடியாத தூர தேசத்துக் கராயீமியர் காலப்போக்கில் 19 வருஷக் கணக்குக்கே வந்து சேர்ந்தார்கள். கதிர் எவ்வளவு முற்றினால் ஆபிப், எந்த வயலைப் பார்ப்பது என்று வேதம் சொல்லவில்லை, தம்பி. அங்கேயும் ஒரு மனிதர்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

டீச்சரம்மா, பெந்தெகொஸ்தே விஷயம் ரசமானது. கதிர்க்கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாள் அசைவாட்டி, அங்கிருந்து ஐம்பது எண்ண வேண்டும். எந்த ஓய்வுநாள்? பண்டிகையின் முதல் நாளே ஓய்வுநாள்தான், ஆக நிசான் 16 என்றார்கள் பரிசேயர். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுவும் அந்தத் தேதியைத்தான் எழுதுகிறார். வாரத்தின் ஓய்வுநாள்தான், ஆக ஞாயிறு என்றார்கள் போயேத்தூசியர், சதுசேயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர்கள். கராயீமியருக்கும் சமாரியருக்கும் ஞாயிறுதான். நமக்கு ஈஸ்டர் ஞாயிறிலிருந்து எண்ணுவதால் தானாகவே ஞாயிறு. பரிசேயர் இந்தச் சண்டையில் எவ்வளவு சூடாக இருந்தார்கள் என்றால், கதிர் அறுக்கும் சாயங்காலத்தில் ஊரைக் கூட்டிவைத்து அறுக்கிறவர் சத்தமாகக் கேட்பாராம்: சூரியன் இறங்கிவிட்டதா? ஆம்! இந்த அரிவாளா? ஆம்! இந்தக் கூடையா? ஆம்! அறுக்கட்டுமா? அறு! ஒவ்வொன்றும் மூன்று முறை. போயேத்தூசியர் காதில் விழ வேண்டுமே.

இதைவிட முற்றியவர்கள் சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் தனிக் குழுவாக இருந்தார்கள். அவர்கள் வருஷம் 364 நாள், சரியாக 52 வாரம். பண்டிகை ஒவ்வொன்றும் வருஷா வருஷம் ஒரே கிழமை. பஸ்கா செவ்வாய், பாவநிவிர்த்தி நாள் வெள்ளி. ஏனோக்கு, யூபிலிகள் புத்தகங்களில் உள்ள அதே கணக்கு. 1947-ல் குகையில் முதலில் கிடைத்த சுருள்களில் ஒன்று ஆபகூக்குக்கு எழுதிய விளக்கம். பாவநிவிர்த்தி நாளில் அவர்கள் உபவாசமாக ஒடுங்கியிருந்தபோது துன்மார்க்க ஆசாரியன் அவர்கள் தலைவரான நீதியின் போதகரைத் தேடி வந்து தாக்கினான் என்கிறது. அந்தத் துன்மார்க்கன் எருசலேமின் பிரதான ஆசாரியன் என்று கருதுகிறார்கள். அந்த நாளில் அவன் ஆலயத்தை விட்டு எப்படி வெளியே வந்தான்? அவன் காலண்டரில் அது சாதாரண நாள்.

மாற்கும் யோவானும் வேறுபடுவதற்கு 1957-ல் அன்னி ஜோபேர் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை வைத்து விளக்கம் சொன்னார். இயேசு கும்ரான் காலண்டர்படி செவ்வாய் இரவே பஸ்கா சாப்பிட்டார், ஆலயத்தார் வெள்ளி சாயங்காலம் சாப்பிட்டார்கள் என்று. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. இயேசு அந்தக் காலண்டரைப் பின்பற்றினார் என்பதற்கு நற்செய்திகளில் ஒரு வரியும் இல்லை என்பதால் நான் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு வசனத்தையும் காட்டி, இரண்டு விதமாக எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பெரிய பிள்ளைகள்தானே, தாங்குவார்கள்.

பதில்: தூத்துக்குடி_டீச்சர்

சொல்கிறேன் ஐயா. 2027 தேதிகளையும் கொடுத்துவிட்டால் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன்.

பதில்: பாளை_கணக்கு_வாத்தியார்

பெரிய வெள்ளி மார்ச் 26, ஈஸ்டர் மார்ச் 28. பஸ்கா ஏப்ரல் 21 புதன் சாயங்காலம். பூரிம் மார்ச் 23, அதாவது பரிசுத்த வாரத்தின் செவ்வாய். எருசலேமுக்கு மட்டும் 24.

பதில்: வீல்சேர்_அக்கா

இரண்டு ஆதாருக்கும் இப்போதே மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிடுகிறேன்.